பாண் ஓட்டோ வரும்போது யன்னலைச் சாத்தாதீர்கள்

பின்னேரம் நாலரை, ஐந்து மணியளவில் திருகோணமலையில் டச்பே பக்கத்து ஒழுங்கைகளுக்குள் பாண் ஓட்டோ வரும். அது என்ன பாட்டுப் போடுகிறது என்று எங்கள் ஊர்ச் சின்னப்பிள்ளை ஒன்றைக் கேட்டால், "பாண் பாட்டு" என்று சொல்லும். பேத்தோவன் 1810 இல் பியானோவுக்கு எழுதிய 'ஃபூர் எலீஸ்' அது. அவர் கண்மூடி நாற்பது வருடம் கழித்து, 1867 இல்தான் அச்சில் வந்தது. இன்றைக்கு அது இலங்கை முழுக்கக் கிம்புலா பணிஸ் விற்கிறது.

போன வருடம் ஒரு தாய் என்னிடம் முறைப்பாட்டோடு வந்தார். "ரீச்சர், பயிற்சி செய் எண்டால் செய்யிறானில்லை. பாண்காரன் போன உடனே ஓடிப்போய் அந்தப் பாட்டைத் தேடித் தேடித் தட்டுறான். நான் யன்னலைச் சாத்திப்போட்டன்." எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. அந்தப் பொடியன் அன்றைக்குச் செய்த நல்ல பயிற்சி அது ஒன்றுதான்.

உவர்மலையிலிருந்து உப்புவெளி வரைக்கும் நாற்பது வருடத்துக்கு மேலாக வீடு வீடாகவும், பிறகு என் வீட்டு விறாந்தையிலும் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒரு பிள்ளை என் பக்கத்தில் இருப்பது கிழமைக்கு அரை மணித்தியாலம். கிழமைக்கு 168 மணித்தியாலம். மிச்சம் முழுவதும் உங்கள் கையில். அதனால் புதிதாகப் பிள்ளையைச் சேர்க்க வருகிற தாய் தகப்பனுக்குத்தான் என் முதல் பாடம். வாயால் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போய் இப்போது எழுதி வைக்கிறேன். ஒழுங்குபடுத்தவில்லை, ஞாபகம் வந்தபடி எண் போட்டிருக்கிறேன்.

1. "பியானோ வாங்க வசதியில்லை, கீபோர்ட்தான் இருக்குது" என்று கூச்சப்பட்டுக்கொண்டு சொல்லாதீர்கள். கீபோர்ட் போதும். கடையில் ஒரு சோதனை மட்டும் செய்யுங்கள். ஒரே கட்டையை ஒருக்கா மெல்லத் தொடுங்கள், ஒருக்கா ஓங்கி அழுத்துங்கள். இரண்டுக்கும் ஒரே அளவு சத்தம் வந்தால் அது விளையாட்டுச் சாமான். 1700 அளவில் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் கிறிஸ்டோஃபோரி என்பவர் செய்த புது வாத்தியத்துக்கு, மெல்லவும் உரக்கவும் ஒலிப்பது என்று பொருள்படும் ஒரு நீட்டுப் பேர் இருந்தது. அந்தப் பேர் தேய்ந்து மிஞ்சியதுதான் 'பியானோ'. விரலின் பாரம் ஒலியில் தெரியவேண்டும், வாத்தியத்தின் உயிரே அதுதான். 61 கட்டை முதல் இரண்டு வருடத்துக்குக் காணும். பிறகு 88 கட்டையும், அழுத்தினால் பாரம் தெரிகிற கட்டைகளும் உள்ளதைப் பாருங்கள். எதுவாக இருந்தாலும் கால் வைத்த தாங்கியில் வையுங்கள். கட்டிலில் போட்டு, சம்மணம் கட்டிக் குனிந்து வாசித்த பிள்ளைகளின் மணிக்கட்டை நேராக்க எனக்கு வருடக்கணக்கில் பிடித்திருக்கிறது.

தாளம் தானாக அடிக்கிற பொத்தான்களைப் பற்றிக் கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை அவற்றோடு ஆசைதீர விளையாடட்டும்.

2. பழைய பியானோ விலைக்கு வந்தால் மினுக்கத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். நான் ஏமாந்தவள். முதல் சம்பளக் காசைச் சேர்த்து வாங்கிய பியானோவுக்கு வெளியே கண்ணாடி போலப் பொலிஷ். விற்றவர் அதைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தார், நானும் பின்பக்கத்தைப் பார்க்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து திருப்பினால் அடிப்பலகை முழுக்கக் கறையான் மண். நீங்கள் வாங்கும்போது டோர்ச் லைற் ஒன்றைக் கொண்டுபோங்கள். கீழ்ப்பலகையைக் கழற்றச் சொல்லுங்கள். கம்பியில் துரு இருக்கிறதா, சுத்தியல்களின் கம்பளியைப் பூச்சி அரித்திருக்கிறதா, கம்பி சுற்றிய ஆணிகள் இறுக்கமாக நிற்கின்றனவா என்று பாருங்கள். ஆணி தளர்ந்த பியானோவை எத்தனை தரம் சுருதி சேர்த்தாலும் அடுத்த கிழமை இறங்கிவிடும். முடிந்தால் சுருதி சேர்க்கிறவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்குக் கொடுக்கிற காசு வீணாகாது.

3. எங்கள் ஊர்க் காற்றுக்குப் பியானோ பிறக்கவில்லை. பியானோவுக்குள் ஏறக்குறைய 230 கம்பிகள். எல்லாம் சேர்ந்து இழுக்கிற இழுவை 20 தொன் அளவுக்குப் போகும். அந்த இழுவைக்கு நடுவில் மெல்லிய மரத்தில் ஓர் ஒலிப்பலகை. கார்த்திகை, மார்கழியில் வாடை மழை தொடங்கினால் அந்தப் பலகை ஈரம் குடித்து உப்பும். வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று வீசினால் காய்ந்து சுருங்கும். பலகை ஏறி இறங்கக் கம்பியின் சுருதியும் ஏறி இறங்கும். போதாததற்கு மூன்று பக்கமும் கடல் உப்பு.

அதனால் கடலைப் பார்த்த யன்னலுக்குக் கீழே வைக்கவேண்டாம், வெயில் விழுகிற இடத்திலும் வேண்டாம். உட்சுவர் ஓரமாக, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். கால்களுக்குக் கீழே கிண்ணம் வைத்தால் கறையான் ஏறுவது குறையும். மழை மாதங்களில் உள்ளே கீழ்ப்பக்கம் ஒரு சின்ன பல்பை, மரத்திலும் துணியிலும் படாமல், எரியவிடுவது பழைய காலத்து வழக்கம். என்னுடையதில் இப்போதும் எரிகிறது. வயரை மட்டும் தெரிந்தவரைக் கொண்டு பூட்டுங்கள். சுருதி சேர்ப்பது வருடத்துக்கு இரண்டு தரம். காற்று மாறின உடனே சேர்க்கவேண்டாம். இரண்டு மூன்று கிழமை போய், மரம் அடங்கின பிறகு சேர்த்தால்தான் நிற்கும்.

இன்னொன்று. பியானோவை ஹோலில் வையுங்கள், ஆட்கள் புழங்குகிற இடத்தில். அறைக்குள் பூட்டி வைத்தால் பயிற்சி தண்டனை மாதிரி ஆகிவிடும். அந்த அரை மணித்தியாலத்துக்கு ரி.வி.யை நிறுத்தவேண்டி வரும். நிறுத்துங்கள்.

4. கதிரை உயரம். பிள்ளையின் முழங்கை கட்டைகளின் மட்டத்தில் நிற்கவேண்டும். பாதம் நிலத்தில் பதியவேண்டும், எட்டாவிட்டால் ஒரு பலகைப் பெட்டியைக் கீழே வையுங்கள். கால் தொங்கினால் தோள் ஏறும், தோள் ஏறினால் விரல் விறைக்கும். அதைப் பார்த்துவிட்டு "பிள்ளைக்கு விருப்பமில்லை" என்று நினைப்பீர்கள். கதிரைதான் பிழை.

5. நகம் வெட்டுங்கள். கிழமைக்கு ஒரு தரம். இதற்கு விளக்கம் இல்லை.

6. மணிக்கூட்டைக் காட்டாதீர்கள், வேறொரு காரியத்தோடு முடிச்சுப்போடுங்கள். பள்ளிக்கூடத்தால் வந்து, குளித்து, தேத்தண்ணி குடித்த உடனே என்று ஒரு வீட்டில். ரியூஷனுக்குப் போகமுதல் என்று இன்னொரு வீட்டில். "ஆறு மணிக்கு" என்றால் ஆறு மணிக்கு எப்போதும் ஏதாவது ஒன்று வரும். தேத்தண்ணி ஒருநாளும் தவறாது.

ஆறு வயதுக்குப் பத்து நிமிடம் போதும், இரண்டு தரம் இருந்தால் இன்னும் நல்லது. பத்து வயதில் அரை மணி. சனிக்கிழமை இரண்டு மணித்தியாலம் உட்கார்த்தி வைத்துக் கிழமைக் கடனைத் தீர்க்கிற வீடுகள் உண்டு. அது பலிக்காது. பகலில் விரல் பழகியதை மூளை இரவில் நித்திரையில்தான் பதித்துக்கொள்ளும். ஆறு இரவு வேண்டிய வேலையை ஒரே இரவில் செய்யச் சொன்னால் எப்படி?

7. இதுதான் எனக்கு மிக முக்கியம், கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் செய்வது பயிற்சியே இல்லை. நேற்றும் ஒரு பிள்ளையைப் பார்த்தேன். எட்டு வயது. பாட்டைத் தொடங்குகிறாள், நாலு பார், அதாவது நாலு தாளக் கட்டம், வடிவாகப் போகிறது. ஐந்தாவதில் இடது கை தவறான கட்டைக்குப் போகிறது. "ச்சே" என்று சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து. மறுபடி நாலு பார் வடிவு, ஐந்தாவதில் அதே இடது கை, அதே பிழை. இப்படி ஏழு தரம். அடுப்படியில் நிற்கிற தாய்க்குக் கேட்பது தொடர்ச்சியான வாசிப்பு, பிள்ளை நன்றாகப் பயிற்சி செய்கிறாள் என்று சந்தோஷம். உண்மையில் அவள் சரியாக வந்த நாலு பாரைத்தான் ஏழு தரம் மினுக்கினாள். ஐந்தாவது பாரில் பிழை விடுவதையும் ஏழு தரம் பழகினாள்.

அவளிடம் அந்த ஐந்தாவது பாரை மட்டும் கேட்டேன். இடது கை தனியாக, நத்தை மாதிரி மெல்ல. மூன்று சுரம். சின்ன விரல் போகவேண்டிய இடத்துக்கு மோதிர விரலை அனுப்பிக்கொண்டிருந்தாள். புத்தகத்தில் விரலுக்கு எண் போட்டிருக்கிறார்கள், பெருவிரல் 1, சின்ன விரல் 5. அந்த எண்ணை அவள் பார்த்ததே இல்லை. பென்சிலால் ஒரு வட்டம் போட்டோம். பிறகு வலது கை, பிறகு இரண்டும் சேர்ந்து. பிறகு நாலாவது பாரிலிருந்து ஐந்தாவதுக்குள் நுழைவது. ஆறு நிமிடம் பிடித்தது.

வீட்டில் இதை நீங்களே செய்யலாம், சங்கீதம் தெரியவேண்டியதில்லை. பிள்ளை எங்கே தடக்குகிறாள் என்று காது இருக்கிற எவருக்கும் தெரியும். "அந்த இடத்தை மட்டும் ஒருக்கா வாசி" என்று சொன்னால் போதும். டச்பேயில் பொறுக்கின சோகி ஐந்தை இடப்பக்கம் வையுங்கள். ஒரு தரம் சரியாக வாசித்தால் ஒரு சோகி வலப்பக்கம் போகும். பிழைத்தால் வலப்பக்கத்தில் இருப்பதை எல்லாம் திருப்பி வைக்கச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், கண்டிப்பு என்ற பேரில். அந்த வீடுகளில் சோகியும் அழுகையும் சேர்ந்தே இருக்கும். போன சோகி போனதாகவே இருக்கட்டும்.

8. நீங்களும் ஒரு பாட்டுப் பழகுங்கள். ஜப்பானில் ஷினிச்சி சுசுகி என்ற வயலின் ஆசிரியர் சின்னப்பிள்ளைகளைச் சேர்க்கும்போது தாயையும் வாத்தியம் பழகவைத்தார். வீட்டில் தாய் வாசிப்பதைப் பார்த்துப் பிள்ளை "எனக்கும் தா" என்று பறிக்கவேண்டும் என்பது அவருடைய கணக்கு. நம் நாட்டு ரொஹான் டி சில்வா, இட்சாக் பெர்ல்மன் என்ற பெரிய வயலின் கலைஞரோடு உலகம் சுற்றிப் பியானோ வாசிக்கிறவர். அவருடைய முதல் ஆசிரியர் அவருடைய தாய்.

"எங்களுக்கு ஒண்டும் தெரியாதே" என்பீர்கள். அது இன்னும் நல்லது. என்னிடம் வந்த ஒரு பிள்ளையின் தகப்பன் துறைமுகத்தில் வேலை செய்கிறவர். கயிறு பிடித்துக் காய்த்துப்போன விரல். ஒரு விரலால் ஒரு கட்டையைத் தொட்டால் பக்கத்துக் கட்டையும் சேர்ந்து இறங்கும். மகள் அவருக்கு ரீச்சர். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இடது கைப் பகுதியை மட்டும், நாலே சுரம், அவருக்குச் சொல்லிக்கொடுத்து, தான் வலது கையை வாசிப்பாள். அவர் பிழைவிட்டால் அவள் என்னை மாதிரியே பேசுவாளாம்: "அப்பா, அவசரப்படாதேங்கோ." அந்த வருடம் தாளம் தவறாமல் வாசித்த பிள்ளை அவள்தான். தகப்பனுக்காகக் காத்திருந்து காத்திருந்து பழகிவிட்டது.

9. ஒப்பிட்டுப் பேசாதீர்கள். "பக்கத்து வீட்டுப் பிள்ளை கிரேட் 3 முடிச்சிட்டுது." "அந்த வீடியோவைப் பார்." 2019 இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் பத்து லட்சம் டொலர் வென்ற சென்னைப் பொடியன் லிடியன் நாதஸ்வரத்தின் வீடியோவைக் காட்டாத பெற்றோர் இங்கே குறைவு. அப்போது அவருக்குப் 13 வயது, விரல் தெரியாத வேகம். வியந்து பார்க்கவேண்டியதுதான், நானும் பார்த்தேன். ஆனால் இரண்டு கையையும் முதல் தரம் சேர்க்கப் பாடுபட்டுக்கொண்டிருக்கிற பிள்ளையிடம், அன்றைக்குப் பார்த்து அதைக் காட்டாதீர்கள்.

பாராட்டும்போது "சூப்பர்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போகாதீர்கள். "கடைசியில மெல்ல மெல்ல அடங்கிச்சுதே, அது வடிவு" என்று சொல்லுங்கள். கேட்டுக்கொண்டுதான் இருந்தீர்கள் என்று பிள்ளைக்குத் தெரியவேண்டும்.

10. இனி யன்னல். பியானோப் பிள்ளைக்கு விரலுக்கு முதல் காது திறக்கவேண்டும், எங்கள் ஊரில் காதுக்குத் தீனி கொட்டிக் கிடக்கிறது. பாண் பாட்டின் தொடக்கம் என்ன? ஒரு வெள்ளைக் கட்டையும் அதன் இடப்பக்கம் ஒட்டியிருக்கிற கறுப்புக் கட்டையும் மாறி மாறி. அவ்வளவுதான். எந்த வெள்ளைக் கட்டை என்று பிள்ளை தானாகத் தேடிக் கண்டுபிடிக்கட்டும், சொல்லிக்கொடுக்காதீர்கள். தேடுகிற பத்து நிமிடத்தில் காது செய்கிற வேலையை எந்தப் புத்தகமும் செய்யாது.

அடுத்தது கப்பல். சீனக்குடா மா ஆலைக்குக் கோதுமை கொண்டுவருகிற கப்பல் ஊதும்போது பிள்ளையைப் பியானோவுக்கு ஓடவிடுங்கள். அது எந்தக் கட்டை? கப்பல் நீள நீளக் குரல் கீழே இறங்கவேண்டும் என்பது கடலில் சர்வதேச விதி. 200 மீற்றரும் அதற்கு மேலும் நீளமான கப்பலின் ஊதல் 70 முதல் 200 ஹேர்ட்ஸுக்குள். 75 மீற்றருக்கு மேல் 200க்குள் என்றால் 130 முதல் 350. சின்னக் கப்பல்களுக்கு 250 முதல் 700. பியானோவின் நடு சி ஏறக்குறைய 262. ஆகவே பெரிய கப்பல் எப்போதும் நடு சி-க்கு இடப்பக்கம்தான் அகப்படும். பார்க்காமலே, ஊதலைக் கேட்டு "இது பெரிசு" என்று சொல்கிற பிள்ளைகளை நான் உருவாக்கி இருக்கிறேன். மாதா கோயில் மணி, கோணேசர் கோயில் மணி, இரவு ரெயிலின் ஊதல், எல்லாவற்றையும் தேடலாம். சில சத்தம் இரண்டு கட்டைக்கு நடுவில் விழும். பியானோவில் இல்லாத சுரமும் உலகத்தில் உண்டு என்று அப்போது பிள்ளைக்குத் தெரியவரும்.

11. "சங்கீதமும் படிக்கிறாள் ரீச்சர், இது அதைக் குழப்பாதோ?" குழப்பாது. கமகம் பியானோவில் வராது, அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே வழுக்கிப் போக வழியில்லை. ஆனால் சங்கீதப் பிள்ளைக்குப் பியானோ ஒரு பெரிய புதையலைக் காட்டும். கறுப்புக் கட்டைகள் இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து நிற்கும். மூன்று சேர்ந்த கூட்டத்தின் முதல் கட்டையை ஸ என்று வைத்துக்கொண்டு கறுப்பை மட்டும் வரிசையாக வாசித்தால் மோகனம். நடுக் கட்டையில் தொடங்கினால் மத்தியமாவதி. கடைசிக் கட்டையில் தொடங்கினால் ஹிந்தோளம். இரண்டு சேர்ந்த கூட்டத்தின் முதலாவதில் சுத்த சாவேரி, இரண்டாவதில் சுத்த தன்யாசி. அதே ஐந்து கட்டை, ஐந்து ராகம். விரலுக்குப் பிழைவிட இடமே இல்லாததால் நாலு வயதுப் பிள்ளைகூட ஹிந்தோளத்தில் தனக்குத் தெரிந்த மாதிரி ஒரு பாட்டுக் கட்டும். நீங்கள் ஸ-வையும் ப-வையும் இடது பக்கம் தம்புரா மாதிரிப் போட்டுக்கொண்டு இருங்கள். ஹிந்தோளத்துக்கு மட்டும் ப இல்லை, ம போடுங்கள்.

வெள்ளைக் கட்டையிலும் அப்படியே. சி-யில் தொடங்கினால் சங்கராபரணம், டி-யில் கரகரப்பிரியா, ஈ-யில் தோடி, எஃப்-இல் கல்யாணி, ஜி-யில் ஹரிகாம்போதி, ஏ-யில் நடபைரவி. பி-யில் மட்டும் பஞ்சமம் அகப்படாமல் போகும். ஏன் என்று சங்கீதப் பிள்ளையைக் கேளுங்கள், ஒரு பின்னேரம் அதிலேயே போய்விடும். ஆதாரத்தைப் பெயர்த்துப் பெயர்த்து ஏழு பாலை பிறப்பிக்கிற இந்தக் கணக்கை, காரைதீவில் பிறந்து எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கும் உழைத்த விபுலானந்த அடிகள் 1947 இல் வெளிவந்த 'யாழ் நூலில்' பிடித்து ஆராய்ந்திருக்கிறார். அவருக்கு யாழ், எங்கள் பிள்ளைக்குக் கட்டை.

12. மெட்ரோனோம் பிறகு வாங்கலாம். வாயில் சொற்கட்டு இருக்கிறது. மூன்று எண்ணிக்கைப் பாட்டுக்குத் தகிட, நாலுக்குத் தகதிமி. முதலில் வாயால் சொல்லிக் கைதட்டட்டும், பிறகு வாசிக்கட்டும்.

13. புத்தகம். பரீட்சைப் புத்தகத்தை மட்டும் வாங்கி வருகிறவர்களுக்கு நான் ஒரு விஷயம் சொல்வதுண்டு. பாஹ் தன் மனைவி அன்னா மக்டலேனாவுக்கென்று 1725 இல் ஒரு வீட்டுக் கொப்பி தொடங்கிக் கொடுத்தார், பிள்ளைகளின் கையெழுத்தும் அதில் உண்டு. அதில் இருந்துதான் எல்லாப் பிள்ளைகளும் வாசிக்கிற அந்த ஜி மினுவெட் வந்தது. பாஹ் எழுதியது என்று நெடுங்காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம், கடைசியில் பெட்ஸோல்ட் என்றவருடையது என்று தெரியவந்தது. ஷூமன் 1848 இல் எழுதிய இளையோர் தொகுப்பு அவருடைய மூத்த மகளின் ஏழாவது பிறந்தநாளுக்குச் செய்த பாட்டுகளில் தொடங்கியது. பார்டோக் தன் 'மிக்ரோகோஸ்மோஸ்' 153 பாட்டில் முதல் இரண்டு புத்தகத்தையும் மகன் பீட்டருக்குக் கொடுத்தார். இவை வீட்டுக்கென்று, வீட்டில் பிறந்த பாட்டுகள். பரீட்சைப் பாட்டுக்குப் பக்கத்தில் இவற்றில் ஒன்றும், பிள்ளை தானே தெரிந்தெடுத்த ஒன்றும் எப்போதும் இருக்கட்டும். தெரிந்தெடுத்தது சினிமாப் பாட்டாக இருந்தால் முகம் சுளிக்காதீர்கள். இளையராஜா பாட்டு ஒன்றில் இடது கைக்கு வேலை நிறையவே இருக்கும்.

14. பரீட்சை. அசோசியேட்டட் போர்ட், டிரினிட்டி என்று லண்டன் பரீட்சைகள் இங்கே உண்டு. எட்டு கிரேட். அசோசியேட்டட் போர்ட் எடுக்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கிரேட் 6 வாசிப்புப் பரீட்சைக்குப் போவதற்குக் கிரேட் 5 தியரி பாஸ் பண்ணியிருக்கவேண்டும், அல்லது அதற்கு ஈடான ஒன்று. இதை விசாரிக்காமல் விட்டு, 13 வயதில் ஒரே வருடத்தில் எல்லாவற்றையும் திணிக்கிற வீடுகள் பல.

பரீட்சை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு பிழையைச் சொல்கிறேன், என் பிழைதான். எண்பதுகளில் என்னிடம் ஒரு பிள்ளை இருந்தாள், கெட்டிக்காரி. வருடம் முழுக்க மூன்றே மூன்று பாட்டு, பிறகு ஸ்கேல், வேறொன்றும் கொடுக்கவில்லை. அடுத்த வருடம் அடுத்த மூன்று. ஒவ்வொரு கிரேட்டிலும் உயர்ந்த புள்ளி. கிரேட் 5 முடிந்த பின்னேரம் அவள் மூடியைச் சாத்தினாள். அதன்பிறகு தொடவில்லை. பல வருடம் கழித்து ஒரு கலியாண வீட்டில் கண்டபோது, "ரீச்சர், எனக்கு அந்தப் பதினைந்து பாட்டைத் தவிர வேறொண்டும் வாசிக்கத் தெரியாது" என்று சிரித்துக்கொண்டு சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போது ஒரு பிள்ளை வருடத்தில் இருபது, முப்பது சின்னப் பாட்டாவது வாசித்து முடித்தால்தான் பரீட்சைக்குப் பேர் கொடுப்பேன்.

15. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில். இந்த ஒரு பரீட்சையால் நான் இழந்த பிள்ளைகளை எண்ணினால் ஒரு பள்ளிக்கூடமே நடத்தலாம். "ஒரு வருசம் நிப்பாட்டி வைப்பம் ரீச்சர்" என்பார்கள். ஒரு வருடம் நின்ற பிள்ளை திரும்பி வருவது அருமை. நிறுத்தாதீர்கள், குறையுங்கள். பத்து நிமிடம், தெரிந்த பாட்டு, புதுப் பாடம் வேண்டாம். என்னிடம் மாதத்துக்கு ஒரு தரம் வந்தால் போதும், அதற்கும் காசு வேண்டாம். பத்து வயதுப் பிள்ளை நாள் முழுக்க வினாத்தாளோடு இருந்துவிட்டுப் பத்து நிமிடம் கட்டையைத் தொட்டால் கெட்டுப்போகாது.

16. கரண்ட் போனால். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் மின்வெட்டு இருந்தது. கீபோர்ட் வீடுகள் எல்லாம் ஊமை. அப்போது கடதாசி மட்டையில் இரண்டு ஸ்தாயி, அதாவது 14 வெள்ளை, 10 கறுப்பு, கட்டையின் சரியான அகலத்துக்குக் கீறச் சொன்னேன். மேசையில் வைத்து அதில் வாசிக்கவேண்டும், சத்தத்தை வாயால் பாடவேண்டும். விளையாட்டாகத் தொடங்கியது, பயனைப் பார்த்து நானே அசந்துபோனேன். மட்டையில் வாசித்த பிள்ளைகள் கரண்ட் வந்த பிறகு முன்பைவிட நன்றாக வாசித்தார்கள். பாடினால்தான் பாட்டு என்று ஆனதும், அடுத்த சுரத்தை மனதில் கேட்காமல் விரல் போக வழியில்லாமல் போய்விட்டது. இப்போது கரண்ட் இருக்கிற நாளிலும் கிழமைக்கு ஒரு நாள் மட்டை நாள். பியானோ வீட்டுப் பிள்ளைகளுக்கு வேறு வேலை: லாம்பை அணைத்துவிட்டு இருட்டில் வாசிக்கட்டும்.

17. ஒரு நாள் "எனக்கு வேண்டாம்" என்று சொல்லும். எல்லாப் பிள்ளையும் சொல்லும், 11, 12 வயதில் பெரும்பாலும். அன்றைக்கே சண்டை பிடிக்காதீர்கள், அன்றைக்கே நிறுத்தவும் வேண்டாம். தொடங்கின பாட்டை முடிக்கட்டும், தவணை முடியட்டும் என்று சொல்லுங்கள். அதற்குள் பாதிப்பேர் மறந்துவிடுவார்கள். மிச்சப்பேர் உண்மையாகவே நிற்பார்கள். நிற்கட்டும். ஆனால் பியானோவை உடனே விற்காதீர்கள், மூடிக்கு மேலே பூச்சாடியும் மருந்துப் போத்தலும் அடுக்காதீர்கள். தூசிக்கு ஒரு துணி போதும், ஒரு கையால் இழுத்து எடுக்கக்கூடிய துணி.

18. மூடியைப் பூட்டாதீர்கள். சின்னத்தம்பி வந்து குத்துவான், விருந்தாளிப் பிள்ளைகள் வந்து அடிப்பார்கள் என்று பூட்டுகிறார்கள். கை கழுவிவிட்டு வரச் சொல்லுங்கள், போதும். என் பியானோவுக்கும் ஒரு காலத்தில் பித்தளைச் சாவி இருந்தது. 90 ஆம் வருடம் ஆனியில் சண்டை மூண்டு ஊரைவிட்டு ஓடும்போது பூட்டி, சாவியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனேன். திரும்பி வந்தபோது பியானோ இருந்தது, பூட்டை யாரோ நெம்பித் திறந்திருந்தார்கள். உள்ளே ஒன்றையும் எடுக்கவில்லை. கட்டைகளில் சின்னச் சின்ன விரல் அழுக்கு, நடு சி-யைச் சுற்றி மட்டும். பூட்டை நான் பிறகு திருத்தவில்லை.